அளவான கவுன்

ஸ்வாவா தன் மகளுக்கு அளவான துணி எடுத்ததே கிடையாது. எதை எடுத்தாலும் இரண்டு வயது கூட்டித்தான் எடுப்பாள். ரூனாவின் கோட்டுக் கை எப்போதும் மடித்துவிட்டபடிதான் இருக்கும். பாவாடை முழங்காலைத் தாண்டிக் கணுக்காலில் வந்து இடிக்கும். ஷூவின் முனையில் பஞ்சு அடைத்திருக்கும். யார் கேலி செய்தாலும் ஸ்வாவாவிடம் ஒரே பதில்தான்: "வளர்ற பிள்ளை, வளர்ந்துக்குவா." துணி ஒருவழியாகப் பிள்ளைக்குப் பொருந்துகிற நேரத்தில் அதன் முழங்கை தேய்ந்து போயிருக்கும். ஊரில் இதற்குக் கஞ்சத்தனம் என்று பெயர். ஸ்வாவா சிக்கனம் என்பாள். அவள் கணவன் ஓட்டார் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. வீணாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிற ஆள் இல்லை அவன்.

ரூனாவுக்கு அப்போது ஆறு வயது. நவம்பர் கடைசியில், தலைநகர் ரெய்க்யாவிக்கின் மருத்துவமனையில் ஒரு சின்ன அறையில் ஸ்வாவாவையும் ஓட்டாரையும் உட்கார வைத்து, ரத்தத்தில் வந்த அந்த நோய்க்கு இனிச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை, பண்டிகைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர்தான். சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இன்னும் எவ்வளவு நாள் என்று ஸ்வாவா கேட்டாள். ஓட்டார் எழுந்து வெளியே போய்விட்டான். பதில் தன் காதில் விழக் கூடாது என்றுதான் போனான். அதன் பிறகு அந்த அறையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ரூனாவிடம், கிறிஸ்துமஸுக்கு லீவு விட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தார்கள். எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று துளைக்கிற பெண், இதைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

மலைக்கும் கடலுக்கும் நடுவில் இடுங்கிக் கிடக்கிற ஊர் அவர்களுடையது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்கும் முந்தைய நாள் ஊரே புளித்த திருக்கை மீனை வேக வைத்துத் தின்னும். அந்த நாற்றத்தோடேயே எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள். பிள்ளைகளுக்குப் புதுத்துணி ஒன்றாவது எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் பூனை தின்றுவிடும் என்று சொல்லித்தான் அங்கே வளர்க்கிறார்கள். ரூனாவை ஸ்வாவாவின் தங்கை பொறுப்பில் விட்டுவிட்டு இருவரும் அன்று மதியம் போர்காவின் துணிக்கடைக்குப் போனார்கள். மதியம் என்று பேர், அந்த வடகோடிக் குளிர்காலத்தில் வெளியே அதற்குள் இருட்டிவிட்டது.

போர்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஊரில் எல்லோருடைய இடுப்பளவும் அவளுக்குத் தெரியும், ரகசியங்களும்தான். ரூனாவின் விஷயமும் தெரியும். ஆனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை, அதனால் நிறைய பேசினாள்.

"வா கண்ணு, வாங்க வாங்க. என் மேல நாத்தம் அடிக்குதுன்னு மூஞ்சியச் சுளிக்காதே ஓட்டார், உன் மேலயும்தான் அடிக்குது. எல்லாரும் பூனைக்குப் பயந்து கடைசி நாள்லதான் ஓடி வர்றீங்க."

"நான் பூனைக்குப் பயப்படல போர்கா, உங்க வாய்க்குத்தான்" என்றான் ஓட்டார். பழக்கத்தில் வந்த பேச்சு. அவன் பாட்டுக்கு அலமாரிகளைப் பார்க்கத் தொடங்கினான். பொம்மைகளை விட்டான், வண்ணப் பென்சில்களை விட்டான். ஒரு பள்ளிக்கூடப் பையை எடுத்துத் தோள்வாரை இழுத்து இழுத்துப் பார்த்தான். நீலப் பை, பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை வைத்தது. இந்த இலையுதிர் காலத்தில் ரூனா பள்ளிக்கூடம் சேர வேண்டியது, முடியாமல் போயிற்று. அடுத்த இலையுதிர் காலத்தில் சேர்ந்துவிடுவாள் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டான். டாக்டர்கள் தப்பாகச் சொன்ன கதைகள் அவனுக்கு எவ்வளவோ தெரியும். மீன் பதப்படுத்தும் ஆலையில் கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள்.

அதற்குள் போர்கா உள்ளேயிருந்து ஒரு கவுனைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். கரும்பச்சை வெல்வெட், கழுத்தில் வெள்ளைக் காலர், முதுகில் முத்துப் பொத்தான்கள்.

"இது ஒண்ணுதான் மிச்சம்னு ரெண்டு பேர் கேட்டும் குடுக்கல, உனக்காக எடுத்து வச்சேன். எட்டு வயசு அளவு. உன் வழக்கம் எனக்குத் தெரியாதா ஸ்வாவா? மடிச்சுத் தெச்சுக்கோ, வளர்ந்துக்கு..."

பாதியில் நிறுத்தினாள். வாயிலிருந்து போனதைத் திரும்பப் பிடிக்கவா முடியும்? காலரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"அழகா இருக்கு போர்கா" என்றாள் ஸ்வாவா. "இதே மாதிரி சின்னது இருக்கா? அவளுக்கு அளவா இருக்கணும்."

"எதுக்குச் சின்னது?" ஓட்டார் பையோடு வந்து நின்றான். "இதுவே இருக்கட்டும்."

"இது தொளதொளன்னு தொங்கும்."

"எப்பவும் தொங்கத்தானே செய்யுது? இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இப்ப மட்டும் என்ன வந்துச்சு உனக்கு?"

"சின்னது இருக்கான்னு பார்த்துட்டு வரேன்" என்று போர்கா உள்ளே போனாள். ஒரு கவுனைத் தேட அவ்வளவு நேரம் ஆகாது; அவர்களை விட்டுவிட்டுப் போனாள்.

ஓட்டார் குரலைத் தாழ்த்தினான். தாழ்ந்த குரலில் கோபம் இன்னும் மோசமாக வந்தது. "நீ முடிவே பண்ணிட்ட இல்ல? டாக்டர் சொன்னாரு, நீ சரின்னுட்ட. நாளைக்கு அவ அதைப் போட்டுக்கிட்டு நிக்கும்போது நான் என்னன்னு பார்க்கறது? நாம கைவிட்டுட்டோம்னு பார்க்கறதா?"

ஸ்வாவா கோட்டுப் பையிலிருந்து ஒரு கம்பளி நூலை எடுத்து மேசையில் நீட்டி வைத்தாள். நேற்று ரூனாவைக் குளிப்பாட்டும்போது தோளிலிருந்து முழங்கால் வரை பிடித்து, முடிச்சுப் போட்டு வைத்த நூல். ஓட்டார் அதைப் பார்த்தான். தன் பெண்ணின் உயரம் என்று அவன் மனதில் வைத்திருந்ததைவிட அது குட்டையாக இருந்தது.

"ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்தாளே, ஞாபகம் இருக்கா?" என்றாள் ஸ்வாவா. "பிறந்தநாளுக்கு ஒரு சட்டை போட்டிருந்தா. தெச்சு ஒட்டின மாதிரி இருந்துச்சு அவளுக்கு. ராத்திரி நம்ம ரூனா என்கிட்ட கேக்கறா, 'அம்மா, அவ கை எங்க முடியுதுன்னு அந்தச் சட்டைக்கு எப்படித் தெரியும்?'னு. அளவுத் துணின்னு ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியாது ஓட்டார். ஆறு வருஷமா நான் அடுத்த வருஷத்து ரூனாவுக்குத்தான் துணி எடுத்திருக்கேன். இந்த ரூனாவுக்கு ஒண்ணுமே எடுக்கல."

"அடுத்த வருஷத்து ரூனாவும் வருவா."

"வரட்டும். வந்தா இந்தக் கடையையே அவளுக்கு வாங்கித் தரேன்."

ஊரே கஞ்சம் என்று சொல்கிற பெண் அப்படிச் சொன்னாள். ஓட்டார் இத்தனை நாளும் இவள் கல்லாக இருக்கிறாள் என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வெந்துகொண்டிருந்தான். அந்த அறையில் அந்தப் பதிலை இவள் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாள், தான் ஓடிப்போனோம் என்பது இப்போதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. பையை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான். போர்கா ஐந்து வயது அளவில் ஒரு சிவப்புக் கவுனோடு வந்தபோது நூலைப் பிடித்து அவனே அளந்து பார்த்தான். சரியாக இருந்தது.

"காகிதத்துல சுத்தித் தரவா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள் போர்கா. அன்றைக்கு அதற்குமேல் அவள் பேசவில்லை. அவளுக்கு அது பெரிய காரியம்.

இருபத்துநாலாம் தேதி மாலை ஆறு மணிக்கு வானொலியில் தேவாலய மணி ஒலித்தால்தான் அங்கே கிறிஸ்துமஸ் பிறக்கும். அதற்குள் குளித்து, புதுத்துணி உடுத்தி, மேசைக்கு வந்திருக்க வேண்டும். மற்ற பரிசுகளைச் சாப்பிட்ட பிறகுதான் பிரிப்பார்கள். துணிப் பொட்டலத்தை மட்டும் முன்னாலேயே பிரித்துக்கொள்ளலாம். மறுநாள் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ரூனா கட்டிலில் உட்கார்ந்தபடி பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். உதவிக்குப் போன அப்பாவின் கையைத் தட்டிவிட்டாள்.

ஸ்வாவா கவுனை மாட்டிவிட்டு எழுப்பி நிற்க வைத்தாள். கை மணிக்கட்டில் நின்றது. கீழ்விளிம்பு முழங்காலில் நின்றது. இடுப்பு இடுப்பில் இருந்தது. முடி இல்லாத தலையோடு, சிவப்பு வெல்வெட்டில், தங்கள் பெண் இவ்வளவு அழகாக இருப்பாள் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை.

ரூனா பழக்கத்தில் கையை மடிக்கப் போனாள், மடிக்க எதுவும் இல்லை. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் கவுனின் விளிம்பைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள்.

"அம்மா, உள்ள மடிப்பே இல்ல."

"இல்ல செல்லம். இது அளவுக் கவுன்."

"அடுத்த வருஷம் பத்தாதே."

இந்தக் கேள்விக்கு ஸ்வாவா ஒரு பதில் யோசித்து வைத்திருந்தாள். ஓட்டார் முந்திக்கொண்டான். "அடுத்த வருஷம் வேற எடுப்போம்டா" என்றான். அதை அவன் சொன்ன விதம் அவனுக்கே நம்பும்படியாக இல்லை.

ரூனா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கவுனைத் தடவிக்கொண்டே வேறொன்று கேட்டாள்.

"அப்ப இதைப் பத்திரமா எடுத்து வைக்க வேணாம்ல?"

"வேணாம்" என்றாள் ஸ்வாவா.

"நாளைக்கும் போட்டுக்கலாமா?"

"போட்டுக்கோ."

"தினமும்?"

ஸ்வாவா தலையை மட்டும் ஆட்டினாள்.

"தூங்கும்போது?"

ஸ்வாவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த முறை ஓட்டார் ஓடிப்போகவில்லை.

"தூங்கும்போதும் போட்டுக்கோ" என்றான்.

எதற்குச் சம்மதம் சொன்னோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அடுத்த அறையில் வானொலியில் மணி ஒலிக்கத் தொடங்கியது. ரூனா முதுகைக் காட்டி நின்றாள், மேல் பொத்தான் ஒன்று போடாமல் இருந்தது. ஓட்டார் மண்டியிட்டு அதைப் போடத் தொடங்கினான். மணி ஒலித்து ஓய்ந்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தான்.