அழகமுத்து மண்வெட்டி போடும் நாள்

முப்பத்திரண்டாம் வருஷம் தேயிலை விலை விழுந்து, வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆனபோது, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் ஓடையைப் பார்த்துக் கிடந்த சரிவைக் கொத்தி ஏதாவது நட்டுக்கொள்ளுங்கள் என்று துரை பெருந்தன்மையாகச் சொன்னார். அவருக்கென்ன, பங்களா எதிர் மலையில் இருந்தது.

றக்வானைக்கு மேலே இருந்த அந்த லயத்தில் வரிசையாகப் பத்துக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். உருளைக்கிழங்கைக் கறியில் பார்த்தவர்களே குறைவு. நட்டுப் பார்த்தவன் அழகமுத்து ஒருவன்தான். நுவரெலியாப் பக்கம் ஒரு துரை வீட்டுத் தோட்டத்தில் இரண்டு வருஷம் வேலை செய்தவன். அவனே விதைக்கிழங்கு கொண்டுவந்து எல்லாருக்கும் பங்கு வைத்தான். அதிலிருந்து லயத்தில் அவன் சொன்னதுதான் சட்டம். கட்டுப்பாடும் ஒன்று போட்டார்கள். கிழங்கு தோண்ட அழகமுத்து வீட்டு மண்வெட்டி விழுகிற நாளில்தான் மற்ற வீட்டு மண்வெட்டியும் விழவேண்டும். அவன் பாத்தியின் முதல் கிழங்கு மாரியம்மனுக்கு. முந்திக்கொள்கிற வீட்டோடு யாரும் நெருப்புக்கூட வாங்கிக்கொள்ளக் கூடாது.

அவன் பெண்சாதி இருளாயிக்கு இதில் பெருமைதான். பக்கத்துக் காம்பராவில் அவள் தங்கை சுப்பம்மா இருந்தாள். தாய் செத்த பிறகு இருளாயி இடுப்பில் தூக்கி வளர்த்தவள், தை மாதம்தான் கலியாணம் ஆனவள். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருளாயிக்கு அவளைத் தவிர நாதியில்லை.

வைகாசி மழை பிடித்துக்கொண்டது. இலை பழுத்துத் தண்டு சாய்ந்துவிட்டது. அழகமுத்து தினமும் ஒரு கிழங்கைத் தடவி எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

"தோல் உரியுது. இன்னும் எட்டு நாள் போகணும். இப்பத் தோண்டினா வச்சிருக்க முடியாது, அழுகிரும்."

மறுநாள் அவனுடைய மூன்றாவது பாத்தியில் மண் வெடித்திருந்தது. அழகமுத்து குதித்தான்.

"பாத்தியா புள்ள! உள்ள கெழங்கு பருத்து மண்ணைப் பொளந்துக்கிட்டு வருது!"

அவன் சொன்னதில் தப்பில்லை. கிழங்கு பருத்தால் பாத்தி வெடிக்கத்தான் செய்யும். லயமே திரண்டு வந்து பார்த்தது. "ஒங்க வீட்டுக்காரரு நட்டது கெழங்கா, பூசணிக்காயா?" என்று பெண்கள் கேலி பண்ண, இருளாயியும் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தப் பெரிய கிழங்கைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் மறுநாள் வெடிப்புக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று. கிழங்கு தட்டுப்படவில்லை. விரலில் ஜில்லென்று தண்ணீர் ஓடியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, வெடிப்பின் கூடவே நடந்து பார்த்தாள். அது பாத்தியோடு நிற்கவில்லை. நடைபாதையைத் தாண்டி, பலா மரத்தின் வேரைப் பிளந்துகொண்டு, லயத்துச் சுவரை நோக்கிப் போயிருந்தது.

"பாதையில நீங்க என்னத்த நட்டீங்க? அங்கயும் வெடிச்சிருக்கே?" என்று புருஷனிடம் கேட்டாள்.

அழகமுத்து எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு, "மழைக்கு அப்பிடித்தான்" என்றான்.

அன்று மலை ஊற்றிலிருந்து லயத்துக்கு வரும் பீலியில் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. அடுத்த நாள் வரவே இல்லை. வானம் கொட்டிக்கொண்டிருக்கும்போது பீலி எப்படி வற்றும்? தண்ணீர் வெடிப்புக்குள் இறங்குகிறது, மலை நழுவப் போகிறது என்று இருளாயி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். மழை விடுகிறவரை எல்லாரும் தேயிலை ஸ்டோருக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினாள்.

"கெழங்க விட்டுட்டா?" என்றாள் சுப்பம்மா. "பன்னி உழுதுட்டுப் போயிரும்க்கா. இன்னும் அஞ்சு நாள்தானே?"

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். பசித்த வயிறு ஐந்து நாள் தள்ளி இருக்கிற சோற்றை விட்டுவிட்டு வருமா?

இருளாயி இராப்பகலாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். கிழங்குதானே கட்டிப்போடுகிறது? தன் பாத்தியைத் தோண்டிவிட்டால் புருஷனுக்கு இங்கே வேலையில்லை. அவன் ஸ்டோருக்குக் கிளம்பினால் சுப்பம்மாவும் பின்னாலேயே வருவாள். மற்றவர்களும் வரக்கூடும். அவன் அடித்தாலும் பரவாயில்லை என்று துணிந்துவிட்டாள்.

வேலையில்லாத ஒரு நாள் காலையில் அழகமுத்து றக்வானைக்குக் கடைக்குப் போனான். மழை கொஞ்சம் விட்டிருந்தது. இருளாயி மண்வெட்டியை எடுத்தாள். முதல் பாத்தி, இரண்டாம் பாத்தி. கோழிமுட்டை அளவில் கிழங்குகள் புரண்டு வந்தன. காலடியில் மண் பஞ்சாக அமுங்கியது.

அப்போதுதான் கீழே யாரோ கூவினார்கள்.

"அழகமுத்து வீட்ல மண்வெட்டி போட்டுட்டாங்கடி!"

இருளாயி மண்வெட்டியோடு நிமிர்ந்தாள். இதை அவள் நினைக்கவே இல்லை. எதற்காக இத்தனை நாள் மற்ற ஒன்பது வீடும் அவள் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தது என்பதை அந்தப் பாவி மறந்தே போனாள். காம்பராக் கதவுகள் படபடவென்று திறந்தன. மண்வெட்டியும் சாக்கும் கூடையுமாக, கலியாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி ஏறி வந்தார்கள். இருளாயி சரிவின் ஓரத்துக்கு இறங்கி ஓடி, கையை விரித்து மறித்தாள்.

"ஏறாதீங்க! மலை வெடிச்சிருக்கு, கீழ போங்க!"

"ஒங்க கெழங்க அள்ளிட்டு எங்களைப் போகச் சொல்றீங்களாக்கும்!"

அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுப்பம்மாவின் கையை மட்டும் பிடித்துவிட்டாள்.

"விடுக்கா. ஒல வச்சுட்டு வந்திருக்கேன், கொதிக்கிறதுக்குள்ள நாலு கெழங்கு எடுத்தாரேன்" என்று சிரித்தபடி கையை உருவிக்கொண்டு ஓடினாள் சுப்பம்மா.

பலா மரம் முதலில் நடந்தது. நின்ற வாக்கிலேயே, வேரோடு, ஓடையை நோக்கி நடந்தது. அதன் பின்னால், இருளாயி நின்ற ஓரம் தவிர, சரிவு முழுவதும் ஏறினவர்களோடு போயிற்று. கூச்சல் போட யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு தகரம்கூடப் பெயரவில்லை. சுப்பம்மாவின் காம்பராவில் பானை தளதளவென்று கொதித்து வழிந்துகொண்டிருந்தது. இருளாயி விறகை வெளியே இழுத்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் அழகமுத்து ஓடி வந்து வாசலில் நின்றான். மூச்சு வாங்கியது.

"நான் இல்லாம யாரு புள்ள மண்வெட்டி போட்டா? யார நம்பி எல்லாரும் ஏறுனாங்க?"

"என்னைய நம்பித்தான்" என்றாள் இருளாயி.