கேப்டனின் மோப்பப் பெட்டி

கார்லண்ட் டீட்டர் முப்பது வருடம் பல் பிடுங்கியவர். நாற்காலியில் சாய்ந்தவர்கள் வாயைப் பிளந்தபடி அவர் பேச்சைக் கேட்டார்கள்; பதில் சொல்லும் நிலையில் யாரும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் உலகம் அப்படியே சாய்ந்து கிடக்கும் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் கிளப்பில் ஏழு பேர் அவருக்கு முன்னால் சாய்ந்தும் கொடுத்தோம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டென்னஸியின் கிழக்கு மலைப்பக்கத்தில், ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போக மனமில்லாத எட்டுப் பேர், மோட்டார் சைக்கிளில் வளைந்து வளைந்து போய்க் கெளுத்தி மீன் வறுவலும் சோள ரொட்டியும் தின்றுவிட்டுத் திரும்புவோம். கார்லண்ட் சேர்ந்த ஆறாம் மாதம் இதற்கு விதிகள் வந்தன. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையில், கழுகுப் படத்தோடு, ஆளுக்கு ஒன்று. அவர் 'ரோட் கேப்டன்'. அப்படித்தான் கூப்பிட வேண்டும். நான் 'கடைசி வண்டி'. யாராவது விழுந்தால் பொறுக்கிக்கொண்டு வருகிறவள்.

என் பெயர் ரோடா ஸ்டில்ட்னர். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். ஐம்பத்து நான்கு பிள்ளைகள். அதில் யார் எந்த இருக்கையில் பபிள்கம் ஒட்டுவான் என்பதுவரை எனக்குத் தெரியும். போன வருடம் முப்பது மைல் வேக எல்லைக்குள் நாற்பத்தொன்றில் போய் ஒரு அபராதச் சீட்டு வாங்கினேன், என் சொந்த வண்டியில்தான். பள்ளி நிர்வாகத்தின் விதி எளிது: மூன்று வருடத்துக்குள் இரண்டாவது சீட்டு வந்தால் பேருந்துச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எனக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும்.

இதை நான் கிளப்பில் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்குப் பதிலாகத்தான் கார்லண்ட் அந்த ரேடார் டிடெக்டரை வாங்கி வந்தார். போலீஸ்காரர் வேகம் அளக்க விடும் அலையைத் தூரத்திலேயே மோந்து பார்த்துக் கத்துகிற சின்னப் பெட்டி. எங்கள் மாநிலத்தில் அது குற்றமில்லை. உறையைப் பிரித்ததிலிருந்து நான் அதை மோப்பப் பெட்டி என்றே சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது விஞ்ஞானம், மிஸ் ரோடா," என்றார். "இனி என் பின்னாடி வர்ற யாருக்கும் சீட்டு கிடையாது. என் வாக்கு."

"மாட்டத் தெரியுமா?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே. பஸ்ஸுக்கு விளக்கு மாட்டுற ஆளு."

மாட்டினேன். என் வீட்டுக் கொட்டகையில், ஒரு சனிக்கிழமை முழுக்க. கைப்பிடியில் கவ்வி வைத்து, அதிர்வு தாங்க அடியில் ரப்பர் துண்டு போட்டேன். பெட்டியின் முகம் சாலைக்கு நேராக இருக்கும்படி மட்டம் பார்த்தேன். கம்பியை டாங்கிக்கு அடியில் கொண்டுபோய், சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் இணைத்தேன். காற்றிரைச்சலில் அதன் சத்தம் கேட்காது என்பதால் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி.

மேல்பார்வை பார்க்க கார்லண்ட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து என் வீட்டு இனிப்புத் தேநீரை மூன்று கோப்பை குடித்தார்.

பிறகு நகரத்துக்குப் போய், நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்திச் சோதித்தோம். ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவு அங்கே உண்டு. அந்தக் கதவும் போலீஸ்காரரின் கருவி மாதிரியே அலை விடும். ஒரு பெண் இருமல் மருந்தோடு வெளியே வந்தாள். பெட்டி வாலை மிதித்த பூனைபோலக் கத்தியது. கார்லண்ட் தன் பேரக்குழந்தை பாடியதுபோல் பூரித்துப்போனார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன்," என்றேன். "இதுக்கு முன்னாடி இரும்பு, தகரம் எதுவும் வரக்கூடாது. கண்ணைப் பொத்தின மாதிரி ஆயிடும்."

"எனக்கா சொல்ற? எக்ஸ்ரே எடுத்தே முப்பது வருஷம் போச்சு."

அடுத்த ஞாயிறு மருந்துக்கடை முன்னால் கூடினோம். அவர் வண்டியில் புதிதாக ஒன்று மின்னியது. காற்றுத்தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், பெட்டிக்கு நேர் முன்னே, சாப்பாட்டுத் தட்டளவு பளபளக்கும் எஃகுப் பலகை. அதில் கழுகு. கழுகுக்குக் கீழே, ரோட் கேப்டன்.

"கேப்டன், அந்தப் பலகை," என்றேன்.

"அழகா இருக்கில்ல? நாஷ்வில்லில சொல்லிச் செஞ்சது."

"பெட்டி முன்னாடி இருக்கு."

"பதவிதான் முன்னாடி இருக்கணும்," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முன் வண்டியில் எப்போதும் வரும் டெல்மஸ் ஊஸ்லி மட்டும் சிரிக்காமல் கையுறையைச் சரிசெய்தான். டெல்மஸ் நல்லவன். ஆனால் அவன் நல்லவன் என்பது அவன் வாயிலிருந்து ஒருநாளும் வெளியே வராது.

அந்த இடத்திலேயே நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. பெட்டிக்குக் கம்பி இழுத்தவள் நான். கொஞ்சமாவது வேலை செய்யும் என்று ஒரு அற்பப் பெருமை இருந்தது. என் கோபத்தில் என் பங்கும் உண்டு.

புறப்படும் முன் கார்லண்ட் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "விதி நாலு. சமிக்ஞை கேப்டன்கிட்டருந்து மட்டும்தான் வரணும். விதி ஏழு. உத்தரவு இல்லாம யாரும் வரிசையை விட்டு விலகக்கூடாது. இன்னொண்ணு. எதிர்ல வர்றவன் தலையைத் தட்டுறான், மூக்கைச் சொறியறான்னு யாரும் வேகத்தைக் குறைக்காதீங்க. அதெல்லாம் வதந்தி. நம்மகிட்ட கருவி இருக்கு."

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வருகிறவன் முன்பின் தெரியாதவனாக இருக்கலாம், வேறு கட்சிக்காரனாக இருக்கலாம். அவன் தன் ஹெல்மெட் உச்சியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். இந்த நாட்டில் ஒரு பைசா வாங்காமல், பதிலுக்கு எதுவும் கேட்காமல் ஒருவன் இன்னொருவனுக்குச் செய்யும் உதவி இந்தத் தட்டு மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதைத்தான் அந்தப் பல் டாக்டர் வதந்தி என்றார்.

அந்தச் சாலையில் வேக எல்லை நாற்பத்தைந்து மைல். கார்லண்ட் அறுபத்து மூன்றில் போனார். பெட்டி அமைதியாக இருந்தது. அது அமைதியாக இருக்க இருக்க அவர் தோள்கள் அகலமாகிக்கொண்டே போயின. கடைசியில் வந்த எனக்கே தெரிந்தது. நானும் அறுபத்து மூன்றில்தான் போனேன்.

விழுந்தபாறை வளைவுக்கு அரை மைல் முன்னால் எதிரே ஒரு பழைய வண்டி வந்தது. ஓட்டியவர் தாடிக்காரக் கிழவர். முதல் வண்டியைப் பார்த்ததும் தலையைத் தட்டினார். கார்லண்ட் அசையவில்லை. இரண்டாவது வண்டியைப் பார்த்துத் தட்டினார், மூன்றாவதுக்குத் தட்டினார். என் அருகே வரும்போது அந்த மனிதர் கதவைத் தட்டுவதுபோலத் தன் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் ஏழு முதுகுகள். ஒன்றுகூடத் தளரவில்லை. எனக்கு ஐம்பத்து நான்கு பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். பிடியைத் தளர்த்தினேன். முள் நாற்பத்தைந்துக்கு இறங்கியது. டெல்மஸ் தன் கண்ணாடியில் என்னைப் பார்த்தது தெரிந்தது. பார்த்துவிட்டு, போனான்.

நான் வளைவைத் தாண்டியபோது சர்ச்சின் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஏழு வண்டிகளும் ஓரமாக நின்றன. ஷெரீப் அலுவலகத்து போலீஸ்காரர் ஒருவர் என்னையும் கை காட்டி நிறுத்தினார்.

"நான் நாற்பத்தஞ்சுலதான் வந்தேன், சார்."

"இருக்கலாம், மேடம். என் கருவியில விழுந்தது இந்தக் கூட்டம். அறுபத்து மூணு." அவருக்கே சந்தேகம் இருந்தது. கார்லண்ட் பக்கம் திரும்பினார். "இவங்க உங்ககூட வந்தவங்களா, தனியா வந்தவங்களா?"

ஒரே ஒரு சொல். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இருமியிருந்தால்கூடப் போதும். கார்லண்ட் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆபீசர், என் வரிசையில எட்டு வண்டி. முதல் வண்டி என்ன வேகமோ, கடைசி வண்டியும் அதே வேகம். நாங்க ஒரே உடம்பு மாதிரி. அதுதான் என் ஒழுங்கு."

போலீஸ்காரர் எட்டுச் சீட்டு எழுதினார்.

மீன் கடையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கார்லண்ட் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லுங்க. நான் பின்னாடி நாற்பத்தஞ்சுல வந்தேன்னு. வேற எதுவும் வேண்டாம்."

"அதாவது, என் வரிசை உடைஞ்சுதுன்னு நீதிபதிகிட்ட நானே போய்ச் சொல்லணும்."

"என் வேலை போயிடும், கார்லண்ட்."

"கேப்டன்," என்று திருத்தினார். பிறகு ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "பெட்டி ஏன் கத்தலைன்னு யோசிச்சியா? கம்பி இழுத்தது யாரு?"

மேசையில் ஒரு முட்கரண்டி இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். தள்ளி வைத்தது பெரிய காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நான் வரிசையை விட்டு விலகியதை விசாரிக்க அன்றே அவர் ஒரு குழு அமைத்தார். செவ்வாய்க்கிழமை தன் வீட்டுக் கார்க் கொட்டகையில் குழுவைக் கூட்டினார். தலைவர் அவர், புகார் கொடுத்தவர் அவர், தீர்ப்பு எழுதியவரும் அவர். கண்ணாடியில் என்ன பார்த்தாய் என்று டெல்மஸைக் கேட்டார். டெல்மஸ் தரையைப் பார்த்துக்கொண்டே பார்த்ததைச் சொன்னான். வியாழக்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. தடித்த தாள், கழுகு முத்திரை, கீழே கார்லண்டின் கையெழுத்து, சாட்சியாக டெல்மஸின் கையெழுத்து. முதல் முறை படித்தபோது அடுப்பில் போடக் கிளம்பினேன். பாதி வழியில் நின்று இரண்டாம் முறை படித்தேன். அப்புறம் மடித்து மேல்சட்டையின் உள்பையில் வைத்தேன்.

நீதிமன்றத்தில் எட்டுப் பேருக்கும் ஒரே காலை. ஏழு பேர் கிளப் சட்டையில் வந்திருந்தார்கள். கார்லண்ட் முதல் வரிசையில், மணமகனின் அப்பாபோல. நீதிபதி ஃபியூகேட் அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பவர். அதைக் கீழே இறக்கினால் எதிரே நிற்பவருக்கு நல்லதல்ல என்பார்கள். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"நான் அந்த வேகத்தில வரலை, யுவர் ஆனர். கிளப்புலருந்து என்னை நீக்கிட்டாங்க. ஏன்னு இதில எழுதியிருக்கு."

நீதிபதி கண்ணாடியை இறக்கினார். சத்தமாகவே படித்தார்.

"'கடைசி வண்டியாகிய ரோடா ஸ்டில்ட்னர், மே பதினோராம் தேதி முற்பகல் பத்து ஐம்பத்திரண்டு மணிக்கு, விழுந்தபாறை வளைவுக்கு அரை மைல் முன்னால், கேப்டனின் உத்தரவின்றி, முன்பின் அறியாத நபரின் சைகையை நம்பி, தன் வேகத்தை நாற்பத்தைந்தாகக் குறைத்து, வரிசையிலிருந்து முந்நூறு கெஜம் பின்தங்கிச் சென்றது நிரூபணமாகிறது. மற்ற ஏழு பேரும் கேப்டனின் உத்தரவுப்படி அறுபத்து மூன்று மைல் வேகத்தைச் சிறிதும் குறையாமல் காத்தனர் என்பதைக் குழு பெருமையுடன் பதிவு செய்கிறது.'"

அறையில் யாரோ சிரிப்பை மறைக்க மூக்கைச் சிந்துவதுபோல் பாவனை செய்தார்கள். நீதிபதி தாளுக்கு மேலாகப் பார்த்தார்.

"டீட்டர் யாரு?"

கார்லண்ட் எழுந்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. காது மடல் சிவப்பதைப் பார்த்தேன். ஆனால் பின்னால் அவருடைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர் குழு, அவர் முத்திரை. இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"என்னுடையதுதான், யுவர் ஆனர்."

"ஒவ்வொரு சொல்லும் உண்மையா?"

"விசாரிச்சுத்தான் எழுதினேன்."

"நல்லது. இவ்வளவு சுத்தமா யாரும் எனக்கு வேலையைக் குறைச்சதில்லை." என் சீட்டைத் தள்ளுபடி செய்தார். மற்ற ஏழு சீட்டையும் உறுதி செய்ய அவருக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தேன். நிம்மதி வரும் என்று காத்திருந்தேன், கோபம்தான் வந்தது. அந்த மனிதரின் பெருமையால் என் வேலை போக இருந்தது, அதே பெருமையால் பிழைத்தது. இரண்டிலும் அவர் என்னை நினைக்கவே இல்லை.

எதிரே மருந்துக்கடை வாசலில் வண்டிகள் நின்றன. கார்லண்ட் ஒன்றும் நடக்காததுபோல் தன் வண்டியைக் கிளப்பி, ஹெல்மெட்டை மாட்டினார். "கம்பியை நானே சரி பண்ணிட்டேன்," என்று மற்றவர்களிடம் சொன்னார். "இப்போ பெட்டி கச்சிதம்."

கடைக் கதவு திறந்தது. ஒருவர் போனார். மறுபடி திறந்தது, இருவர் வந்தார்கள். எஃகுக் கழுகு வெயிலில் மின்னியது. அதன் பின்னால் பெட்டி ஊமையாக இருந்தது.

"மிஸ் ரோடா," என்றான் டெல்மஸ், எல்லோர் காதிலும் விழும்படி. அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அன்னிக்கு இதே கதவுக்குக் கத்துச்சுன்னு சொன்னீங்களே?"

கார்லண்ட் பெட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் சும்மா இருக்கு?"

"ஒழுங்கு, கார்லண்ட்," என்றேன். "உங்க உத்தரவு இல்லாம அது எப்படிப் பேசும்?"

பலகையைப் பற்றி ஒருமுறை சொல்லியாயிற்று. இரண்டாம் முறை சொல்ல நான் அவர் அம்மா இல்லை.

வண்டியை எடுத்தேன். டெல்மஸ் கேட்காமலே என் பின்னால் வந்தான். நாற்பத்தைந்தில் போனோம். விழுந்தபாறை வளைவில், அதே சர்ச் பலகைக்குப் பின்னால், அதே போலீஸ்காரர் நின்றிருந்தார். தலையசைத்தார், நானும் அசைத்தேன். அரை மைல் தள்ளி எதிரே முன்பின் தெரியாத இரண்டு பேர் வேகமாக வந்தார்கள். கையை உயர்த்தி என் ஹெல்மெட்டை இரண்டு தட்டுத் தட்டினேன். அவர்கள் விளக்குகள் தாழ்ந்தன, வண்டிகள் நிதானித்தன.

எங்களுக்குப் பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கார்லண்டின் வண்டி உறுமி வரும் சத்தம் கேட்டது, அறுபதுக்குக் குறையாத உறுமல். அவருக்குச் சமிக்ஞை கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. விதி நாலு.