மாப்பிள்ளை பேசிய பக்கம்

கோயமுத்தூரில் ஒரு கல்லூரி. அங்கே சொற்போர்க் கழகத்தில் தம்பிதுரையை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவனும் சொன்னான், கொஞ்சம் கூடுதலாகவே சொன்னான். கருமத்தம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து பி.ஏ. வகுப்பு வரைக்கும் வந்துவிட்ட பிள்ளை. அந்தத் தலைக்கனத்தை நாமும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவுசெய்வார்கள். அவரவர் கருத்தை அவரவர் பேசினால் நாற்காலிகள் பறக்கும் என்று பேராசிரியருக்குப் பயம். போன மாதம் மதுவிலக்கைப் பற்றிப் பேச்சு நடந்தபோது, ஒரு சொட்டுக் கள் தொட்டறியாத யூனுஸ் கள்ளுக்கடைக்காக உருகி உருகிப் பேசிக் கைதட்டல் வாங்கினான். ஆகவே, 1936 ஆவணியில் ‘பெண்களுக்கு உயர்நிலைப் படிப்பு தேவையா?’ என்ற தலைப்புக்கு, ‘தேவையில்லை’ என்ற சீட்டு தம்பிதுரையின் கைக்கு வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

அவனுக்கு மட்டும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவனுக்கு நிச்சயமாகியிருந்த நாச்சியம்மாள் அதே ஊரில் பெண்கள் பள்ளியில் ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாள். வருகிற மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. எனக்கு வரப்போகிறவள் படித்தவளாக்கும் என்று விடுதி முழுக்கத் தம்பட்டம் அடித்தவனும் இவன்தான்.

மேடை ஏறியதும் அதெல்லாம் மறந்துபோயிற்று. “பூகோளம் படித்த பெண்ணுக்கு இமயமலை எங்கே என்று தெரியும், உப்புச்சாடி எங்கே என்று தெரியாது!” என்றான். சபை குலுங்கியது. “ராகிக்களி கிண்டும் கையில் பேனாவைக் கொடுத்தால் களியும் கட்டி தட்டும், கணக்கும் தப்பும்!” என்றான். வெள்ளிக் கோப்பை அவனுக்குத்தான் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

முன்வரிசையில் பெரிய தலைப்பாகையோடு ஒருவர் மட்டும் சிரிக்காமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவிநாசி பாலுசாமிக் கவுண்டர். நாச்சியம்மாளின் தகப்பனார். பருத்தி விதை வாங்க வந்தவர், மாப்பிள்ளை பேசுகிறார் என்று கேள்விப்பட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

இங்கே நம் சீமையின் பெருமை ஒன்றைச் சொல்லவேண்டும். மாப்பிள்ளையாகப்பட்டவன் பெண் வீட்டாரிடம் எதையும் நேராகக் கேட்கமாட்டான். அது மரியாதையில்லை. சைக்கிள் வேண்டுமென்றால், “எனக்கு நடந்தே பழக்கமுங்க” என்பான். கடிகாரம் வேண்டுமென்றால், “வெயிலைப் பார்த்தே மணி சொல்லிப்போடுவனுங்க” என்பான். புரிந்துகொள்ள வேண்டியது மாமனாரின் பொறுப்பு. புரியாதவர் மாமனாராக இருக்க லாயக்கில்லாதவர். பாலுசாமிக் கவுண்டர் ரொம்பவும் லாயக்கானவர்.

நான்காம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு விடுதிக்கு வந்து நின்றார்.

“மேடையில நீங்க ஜாடையாச் சொன்னது எனக்கு வெளங்கிப்போச்சுங்க மாப்பிள்ளை. நேத்தே அம்மணியை ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டனுங்க. பள்ளிக்கூடத்துல பேரை அடிச்சுப்போடச் சொல்லியாச்சுங்க.”

தம்பிதுரைக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஐயோ மாமா, அது போட்டிக்குப் பேசுனதுங்க! சீட்டு எடுத்தாங்க, அந்தப் பக்கம் வந்துதுங்க. எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லீங்க!”

“அது உங்க பெரிய மனசுங்க,” என்றார் மாமனார், கண் கலங்க.

“அம்மணி படிக்கட்டுமுங்க. எனக்குச் சந்தோசந்தானுங்க.”

“இப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க. குணமான புள்ளை!”

மறுக்க மறுக்க மாப்பிள்ளையின் மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதையும் பணிவு என்று அவர் எடுத்துக்கொள்வார் என்பதால் விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவிநாசிக்குப் போனான். சாப்பாடு பலமாக இருந்தது. பேச்சு ஒன்றும் பலிக்கவில்லை. மாமனார் இளநீர் வெட்டிவரத் தோப்புக்குப் போன நேரம் பார்த்து, பின்வாசலுக்கு வந்தான். சொந்தத்தில் முறைப்பெண்தான் என்பதால் யாரும் தடுக்கவில்லை. நாச்சியம்மாள் பாயில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப நல்லாப் பேசுனீங்களாமுங்க,” என்றாள், நிமிராமல். “உப்புச்சாடி அடுப்புக்கு வலப்பக்கம் இருக்குதுங்க. நேத்துத்தான் பார்த்து வெச்சேன்.”

“அம்மணி, அது சும்மா பேசுனது. அதுல ஒரு வார்த்தையைக் கூட நான் நம்பலை.”

இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அழுது வீங்கிய கண்கள். “நம்பாததையே இவ்வளவு நல்லாப் பேசுவீங்களா? அப்ப நாளைக்கு எங்கிட்ட ஒண்ணைச் சொன்னீங்கன்னா, அது நம்பிச் சொல்றதா, நம்பாமச் சொல்றதான்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?”

“அது வெறும் சீட்டு...”

“உங்களுக்குச் சீட்டுங்க. எனக்குப் பள்ளிக்கூடமுங்க. இன்னும் ஏழு மாசந்தான் இருந்துச்சு.”

தம்பிதுரைக்கு அவமானமாக இருந்தது. கோப்பை வாங்கியபோது கைதட்டிய அத்தனை பேரும் இப்போது தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. திரும்பி நேரே முன்வாசலுக்கு நடந்தான்.

கையில் இளநீரோடு வந்த மாமனாரை வழியிலேயே மறித்தான். சுற்றி வளைத்துச் சொல்வதுதானே இத்தனைக்கும் காரணம்? பரம்பரையில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்துவிட்டான்.

“நேராச் சொல்றேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறாத பொண்ணை நான் கட்டமாட்டேன். ஆமா!”

மரியாதை என்பது மருந்துக்கும் இல்லை. இளநீர் தரையில் உருண்டது. பாலுசாமிக் கவுண்டர் திகைத்து நின்றார். அப்புறம் முகம் மெல்ல மலர்ந்தது. அவர் மாமனாராகி இத்தனை மாதத்தில் மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்ட முதல் கோரிக்கை!

“அவ்வளவுதானுங்களே! சீரோட சீரா அதையும் செஞ்சுபோடறனுங்க. நாளைக்கே போயி ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கால்ல உழுந்தாச்சும் பேரை எழுதிப்போடறனுங்க.”

ஜெயித்துவிட்ட முகத்தோடு தம்பிதுரை பின்வாசலுக்கு ஓடினான். நாச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவன் எதிர்பார்த்த நன்றி மட்டும் இல்லை.

“தேறாத பொண்ணை நீங்க கட்டமாட்டேன்னு சொல்லிப்போட்டீங்க. சரிங்க. தேறுன பொண்ணு உங்களைக் கட்டுவாளான்னு யாரும் கேக்கலை. அதை நான் பரீட்சை எழுதி முடிச்சுப்போட்டுச் சொல்றேனுங்க.”

மிளகாய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் வர நேரமிருந்தது. தம்பிதுரை கோயிலுக்குள் போய் அவிநாசியப்பர் முன்னால் கைகூப்பி நின்றான். அவள் தேறாவிட்டால் கல்யாணம் இல்லை என்று அவனே சொல்லியாகிவிட்டது. தேறிவிட்டால் என்ன சொல்வாளோ, அது அவளுக்கே வெளிச்சம். என்ன வேண்டுவதென்று தெரியாமல் ரொம்ப நேரம் நின்றான். குருக்கள் விபூதித் தட்டோடு வந்து இரண்டு தடவை செருமினார்.

கடைசியில், அவள் தேறவேண்டும் என்றே வேண்டிக்கொண்டான்.