கூட்டுப்பாறை கேட்டில் ஒரு ஷாட்

"உள்ளே போறது எங்க லாரி. வெளியே வரும்போதும் எங்க சாமான் மட்டும்தான் வரும். அதுக்கு நான் பொறுப்பு."

விஷ்ணுப்ரியா பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள். எதிரே கேட். அதற்குப் பின்னால், மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த சரிவில், கதவடைத்து மூன்றாவது வருஷமாகக் கிடக்கும் கூட்டுப்பாறை தேயிலை ஃபேக்டரி.

வித்துராவிலிருந்து மலையேறிப் போகிற பாதையில் அந்த ஃபேக்டரியைச் சுற்றித்தான் ஊரே இருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், ஒரு சின்னத் தேவாலயம், ஒரு மாடன் கோயில், பூட்டிய ரேஷன் கடை. தாத்தாக்கள் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்களின் பிள்ளைகள் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு, முறை வைத்துக் காவல் இருந்தார்கள். காவல் கட்டிடத்துக்கு அல்ல, உள்ளே இருக்கும் ரோலர்களுக்கு. கொழுந்தை உருட்டிப் பிழியும் அந்த யந்திரங்கள் இருக்கும் வரைதான் ஃபேக்டரியைத் திறக்கச் சொல்லிக் கோர்ட்டில் வாதாட முடியும். அவை போய்விட்டால் அது வெறும் தகரக் கொட்டகை.

விஷ்ணுப்ரியா டவுனில், கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்தவள். கழக்கூட்டத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் உதவி டைரக்டராக வருஷக்கணக்கில் ஓடியாடிக் கடைசியில் அவள் எழுதிய கதை ஒன்று தேறியிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று டிவியில் வரப்போகும் காதல் டெலிஃபிலிம். மூடிக்கிடக்கும் ஃபேக்டரியை விற்பதற்காக நகரத்திலிருந்து வரும் பெண், அங்கே உள்ள மெக்கானிக்கிடம் மனதைக் கொடுத்துவிடுகிறாள். கிறிஸ்துமஸ் ராத்திரி ஃபேக்டரி சைரன் ஊதுகிறது, பனி கொட்டுகிறது, சுபம். பனிக்கு சோப்பு நுரை யந்திரம் வாடகைக்குப் பேசியாயிற்று. கதை நடக்க ஒரு நிஜ ஃபேக்டரிதான் வேண்டியிருந்தது.

"முதலாளி அனுமதி தந்துட்டானாம்லா, பிறகு எங்ககிட்ட எதுக்குக் கேக்கிய?" என்றாள் உலகம்மாள். முன்பு கொழுந்து எடுத்தவள், இப்போது பந்தலில் பெண்களுக்குத் தலைவி.

"உங்களைத் தாண்டி உள்ளே போக எனக்கு இஷ்டமில்லை."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். செல்வகணேஷ். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவன், இப்போது வித்துராவுக்கும் மலைக்கும் ஜீப் ஓட்டுகிறான்.

"விடலாம் அண்ணாச்சி" என்றான் சுவாமிதாஸைப் பார்த்து. "இத்தனை நாளா நம்ம சமரத்தை ஒரு டிவிக்காரனும் எட்டிப் பாக்கல. கதையாவே வரட்டுமே. இவங்க வாக்கு குடுத்திருக்காங்க. தப்பு வந்தா என்னைக் கேளுங்க."

போராட்டக் குழுவின் கன்வீனரும் தேவாலயத்தில் பாட்டுக்குத் தலைவருமான சுவாமிதாஸ் தாடியைத் தடவிக்கொண்டார். "சரி. ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. வாக்கு வாக்காவே இருக்கணும்."

படப்பிடிப்பு தொடங்கியது. செல்வகணேஷின் ஜீப்பையே யூனிட் வாடகைக்கு எடுத்ததால் காலையும் மாலையும் விஷ்ணுப்ரியா அதில்தான் வந்து போனாள். முதல் நாள் அவன் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு டம்ளர் பாலில்லாத கட்டன்சாயாவை நீட்டி, "குடிங்க மேடம். நம்ம தேயிலை இல்ல கேட்டோ. வித்துரா கடையில பாக்கெட் வாங்கி, தேயிலைத் தோட்டத்துல போட்டுக் குடிக்கோம்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரித்ததற்கு வருத்தமாக இருந்தது.

ஒரு நாள் வளைவில் யானைக்காக வண்டியை நிறுத்திக் காத்திருந்தபோது கேட்டான்: "உங்க கதையில சைரன் ஊதினப்பொறவு என்ன ஆகும்?"

"படம் முடிஞ்சுடும்."

"எங்களுக்கு அங்கதானே தொடங்கணும்."

அன்று வீட்டுக்குப் போனதும் கடைசிக் காட்சியைத் திரும்ப எழுத உட்கார்ந்தாள், ஒன்றும் ஓடவில்லை. அவன் குரல்தான் காதில் இருந்தது. அது கதைக்கான யோசனை மட்டும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கடைசி நாள் தேவாலயத்தில் காரல் பாட்டுக் காட்சி. மத்தியானச் சாப்பாட்டின்போது டைரக்டர் ஹரிநாராயணன் வந்து, "கூட்டம் போதாது பிரியா. ஊர் மொத்தமும் வேணும். பந்தல்ல இருக்கறவாளையும் கூப்பிட்டுடு, ஒரு மணி நேரம்தானே" என்றார். கம்பெனியும் அவருடையதுதான்.

பந்தலைக் காலியாக வைப்பதில்லை என்று சுவாமிதாஸ் தயங்கினார். செல்வகணேஷ்தான் சொன்னான்: "மேடம் இருக்காங்கல்லா அண்ணாச்சி." உலகம்மாள் நல்ல புடவை கட்டப் போனாள். மூன்று வருஷத்தில் முதன்முறையாக அந்தப் பந்தலில் ஆளில்லை.

மெழுகுவர்த்திப் பெட்டி ஃபேக்டரியின் பின்பக்கத்து அறையில் கிடந்தது. எடுத்து வர வேறு ஆள் இல்லாததால் விஷ்ணுப்ரியாவே போனாள். பாதித் தூரத்திலேயே இரும்பு அறுபடும் சத்தம் கேட்டது. ரோலர் அறையின் பின்கதவு திறந்து கிடந்தது. ஆர்ட் டிபார்ட்மெண்டுக்கென்று காலையில் வந்த லாரி அங்கே பின்பக்கமாக ஒட்டி நின்றிருந்தது. அவள் பார்த்திராத ஆட்கள். ஒரு ரோலர் ஏற்கெனவே லாரியில் ஏறித் தார்ப்பாய்க்குள் இருந்தது. இரண்டாவதைச் சங்கிலியில் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன?"

"இதுவும் லோடுதான் மேடம்" என்றான் கேஸ் கட்டர் வைத்திருந்தவன், கண்ணாடியைக் கழற்றாமலே. "பாட்டு ஆரம்பிச்சதும் கிளம்பச் சொல்லியிருக்காங்க."

போனை எடுத்தாள். மலையில் எப்போதும்போல சிக்னல் இல்லை. மெழுகுவர்த்திப் பெட்டியை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்கு ஓடி, வாசலில் இருந்தவர்களிடம் கொடுத்தாள்.

ஹரிநாராயணன் தேவாலயத்தின் பக்கத்து அறையில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து கதவைச் சாத்தினார்.

"பின்னாடி போனியா?"

"சார், நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ குடுத்தே. நான் குடுக்கலை." குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "ஃபேக்டரியைச் சும்மா தந்தான் ஓனர். எதுக்குத் தருவான்னு நீ யோசிக்கவே இல்லையா? அவன் மெஷின், அவன் எடுத்துண்டு போறான். நமக்கு அதிலே என்ன? டைட்டில்ல உன் பேர் வரப்போறது. அடுத்த சீரியல் உனக்குன்னு சேனல்லே பேசி வெச்சிருக்கேன். நீ பின்பக்கம் போகவே இல்லை. புரியறதா?"

யோசிக்கவில்லைதான். இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஏன் கிடைத்தது என்று கேட்கவில்லை.

"புரியறது சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தேவாலயம் நிறைந்திருந்தது, மெழுகுவர்த்திகள் எல்லோர் கைக்கும் போயிருந்தன. முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செல்வகணேஷ். அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான், எப்படி இருக்கேன் என்பதுபோல. அவனிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவன் ஓடுவான். அவன் ஓடினால் இளவட்டம் மொத்தமும் ஓடும். அங்கே இருப்பவர்களின் கையில் கட்டரும் கடப்பாரையும். யாராவது ஒருவன் விழுந்தால், ரோலர் திரும்பி வந்துதான் என்ன.

அவள் நேரே ஜெனரேட்டர் வேன் டிரைவர் ஜெயகுமாரிடம் போனாள். "அண்ணா, ஷாட் மாறிடுத்து. அடுத்தது கேட்ல. வேனைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திட்டுச் சாவியை என்கிட்ட குடுங்க." உதவி டைரக்டர் சொன்னால் ஷாட் மாறுவது தினமும் நடப்பதுதான். ஜெயகுமார் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தான். கேமராமேனிடமும் அதையே சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கேமராவைத் தோளில் ஏற்றினார்.

பிறகு சுவாமிதாஸின் அருகே போய்க் குனிந்தாள்.

"அண்ணாச்சி, ரோலரை லாரியில ஏத்தறா. பாட்டு ஆரம்பிச்சதும் கிளம்பும். எனக்கு இப்பதான் தெரியும். யாரையும் ஓட விடாதீங்க. பாடிண்டே எல்லாரையும் கேட்டுக்குக் கூட்டிண்டு வாங்க. கேமரா அங்கே இருக்கும்."

சுவாமிதாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. கோபமா, கணக்குப் போடுகிறாரா. பிறகு மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"படம் வெளியிலயாம். வரிசையா வாங்க. எவனும் முந்தாதீங்க." பாட்டை எடுத்துக்கொடுத்தார்.

ஊர் பாடிக்கொண்டே படியிறங்கியது. ஹரிநாராயணன் அறையை விட்டு ஓடி வந்தார். "யார் சொன்னா வெளியே போகச் சொல்லி? பிரியா!" அவர் குரல் பாட்டில் அமுங்கிப்போனது. பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாகக் கையில் எரியும் திரியோடு மூடுபனிக்குள் சரிவில் இறங்கினார்கள். விஷ்ணுப்ரியா முன்னால் நடந்தாள்.

அவர்கள் கேட்டுக்கு வரவும் லாரி உள்ளே வளைவில் திரும்பவும் சரியாக இருந்தது. குறுக்கே நின்ற வேனைப் பார்த்து லாரி ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. பாட்டு ஒரு கணம் தடுமாறியது. காற்றில் தார்ப்பாயின் ஓரம் தூக்க, உள்ளே ரோலரின் பித்தளைத் தட்டு எல்லோருக்கும் தெரிந்தது.

பாட்டு நின்றுவிட்டது.

"நம்ம ரோலருல்லா!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் முன்னால் பொங்கியது. சுவாமிதாஸ் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "உக்காருங்கல. எல்லாரும் உக்காருங்க. ஒருத்தனும் கை வைக்கப்பிடாது."

உலகம்மாள்தான் முதலில் உட்கார்ந்தாள், நல்ல புடவையோடு, சேற்றில். அவளைப் பார்த்து மற்றவர்கள். லாரி உறுமிக்கொண்டு ஓரடி நகர்ந்தது. யாரும் எழவில்லை. இன்னும் ஓரடி. பம்பருக்கும் உலகம்மாளுக்கும் நடுவே ஒரு முழ இடம்தான் இருந்தது. கேமராமேனுக்கு எப்போது விஷயம் புரிந்ததோ தெரியாது, அவர் கேமராவை இறக்கவில்லை. மெதுவாக நடந்து லாரியின் பக்கவாட்டுக்கு வந்து டிரைவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

டிரைவர் அந்த லென்ஸைப் பார்த்தான், கீழே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தான். இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்து இறங்கினான். "எனக்கு ஒண்ணும் தெரியாது. லோடு இருக்கு, வான்னாங்க, வந்தேன்."

அப்போதுதான் செல்வகணேஷ் அவள் அருகே வந்தான். கையில் இருந்த மெழுகுவர்த்தி அணைந்து, மெழுகு விரலில் உறைந்திருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கொஞ்சம் முன்னாடி. மெழுகுவர்த்தி எடுக்கப் போனப்போ."

"என்கிட்டச் சொல்லல."

"சொன்னா நீங்க ஓடியிருப்பேள்."

அவன் திரும்பிப் போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்தான். மறுபடி அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

யாரோ பைக்கில் இறங்கிப் போய்ச் சொல்ல, வித்துராவிலிருந்து போலீஸ் வந்தது. ரோலர்கள் திரும்ப இறங்கின. ஹரிநாராயணன் அவளைக் கடந்து காருக்குப் போனபோது, "இனி எந்தச் சேனல்லேயும் உனக்கு இடமில்லை" என்று மட்டும் சொன்னார். யூனிட் வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை. பந்தலில் குழு கூடிப் பேசிக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவர்கள் குரலைத் தாழ்த்திய விதத்திலேயே தெரிந்தது. கேட்டருகே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

ஜீப் வந்து நின்றது. "ஏறுங்க மேடம். கடைசி பஸ் போயிரும்."

வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. பாதிமலை இறங்கியதும் அவன் சொன்னான்.

"குழுவுல கேட்டாங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு. தெரியாதுன்னு சொன்னேன்."

"நிஜமா அப்படித்தான் நினைக்கறேளா?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லல. நம்புறதைச் சொன்னேன்." கியரை மாற்றினான். "ஆனா மனசு ஆறல. அதையும் சொல்லிப்போடுதேன்."

"ஆற வேண்டாம்" என்றாள் அவள். "இடத்தைச் சும்மா தரான்னப்பவே ஏன்னு நான் கேட்டிருக்கணும்."

வித்துரா சந்தையில் இறங்கும்போது அவன் அவள் பையை எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான்.

பிறகு நாட்கள் இழுபட்டன. வேலை போனது. வழக்கு முடியும் வரை எந்த யந்திரத்தையும் அசைக்கக் கூடாது என்று கோர்ட்டிலிருந்து உத்தரவு வந்தது. ஜனவரியில் பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லி லேபர் ஆபீஸ் முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பியதைச் சுவாமிதாஸ் வித்துராவிலிருந்து போனில் சொன்னார். ஃபேக்டரி திறக்கவில்லை. செல்வகணேஷிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு வரை. "எல்லாரும் வரச்சொல்லுதாங்க" என்று ஒரு மெசேஜ். சிறிது நேரம் கழித்து இன்னொன்று: "நானும்."

கிறிஸ்துமஸ் அன்று காலையில் அவள் கிளம்பி நின்றபோது அம்மா லலிதாம்பாள் அடுக்களையிலிருந்து கேட்டாள். "அவா பண்டிகைக்கு நீ எதுக்குடீ?"

"கூப்பிட்டிருக்கா."

"கூப்பிட்டது ஊரா, அந்தப் பையனா?"

விஷ்ணுப்ரியா செருப்பைப் போடுவதை நிறுத்தினாள். "பையனும்தான்மா."

உள்ளே குக்கர் கத்தியது. லலிதாம்பாள் அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள். "இருட்டறதுக்குள்ள வந்துடு. அப்பாகிட்ட நான் இன்னிக்கு ஒண்ணும் சொல்லப்போறதில்லை. நாளைக்கு நீயே சொல்லணும்."

கூட்டுப்பாறையில் உலகம்மாள் வீட்டு டிவி முன்னால் லயமே கூடியிருந்தது. டெலிஃபிலிம் ஓடியது. கடைசிக் காட்சியை எங்கோ ஸ்டுடியோவில் எடுத்து ஒட்டியிருந்தார்கள். டைட்டிலில் அவள் பெயர் இல்லை. "இது நம்ம ஃபேக்டரியே இல்லல்லா" என்று உலகம்மாள் சலித்துக்கொண்டாள். விஷ்ணுப்ரியா எழுந்து வெளியே வந்தாள்.

செல்வகணேஷ் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தான். "ஜனவரியில லேபர் ஆபீஸுக்கு நாங்க எல்லாரும் டவுனுக்கு வாறோம். நீங்களும் வருவியளா?"

"வருவேன்."

"என்ன முறையில வந்திருக்கியன்னு கேப்பாங்க. முதலாளி வக்கீலும் கேப்பான்."

"என்ன சொல்லணும்?"

அவன் ஜீப்பை விட்டு நிமிர்ந்து நின்றான். "பாத்த சாட்சின்னு நீங்க சொல்லுங்க. மத்ததை நான் சொல்லிக்கிடுதேன், பிரியா."

உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவன் முதலில் நடந்தான், பிறகு அவளுக்காக நின்றான்.