வயர் இல்லாத எட்டாவது தட்டு

1996 அக்டோபரில், அமெரிக்காவின் டெக்சாஸிலுள்ள ரவுண்ட் ராக்கில் நஞ்சுண்டன் வீட்டுப் பாம்பு அலமாரியின் எட்டாவது தட்டு, எந்த வயரோடும் இணைக்கப்படாமலேயே எண்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் இருந்தது. மற்ற ஏழு தட்டுகளுக்கு மின்சாரம் தேவைப்பட்டது.

அலமாரி அவனே அடித்தது. ஊர் மாறிப் போன ஆபீஸ் நண்பன் ஒருவன் விட்டுச்சென்ற ஒரு குட்டி மலைப்பாம்பு இரண்டு வருடத்தில் ஏழானதும், இரண்டாவது பெட்ரூமில் எட்டுத் தட்டுகளோடு ஒரு பிளைவுட் அலமாரி நின்றது. தட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்கு ஒரு பாம்பு. ஒவ்வொரு தட்டின் பின்பக்கத்திலும் ஹீட் டேப் என்ற கறுப்புப் பட்டை ஓடியது. எல்லாப் பட்டைகளும் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரே தெர்மோஸ்டாட்டில் போய்ச் சேர்ந்தன. எட்டாவது தட்டுக்கு வரும்போது பட்டை ஒரு சாண் குறைந்தது. அதைப் பட்டையில்லாமல் காலியாக விட்டுவிட்டான்.

அந்த வருடம் பிப்ரவரியில் கோபிச்செட்டிபாளையத்தில் அவனுக்கும் நாகமணிக்கும் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டாரிடம் அவன் வேலை, கார், கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருப்பது எல்லாம் சொல்லப்பட்டன. பாம்புகள் சொல்லப்படவில்லை. வந்த இரண்டாம் நாள் நாகமணி அந்த அறைக் கதவைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள்.

“எத்தனைங்க?”

“ஏழு.”

“வேற என்ன சொல்லாம உட்டீங்க?”

“வேற ஒண்ணுமில்ல.”

அந்தக் கடைசி பதிலை அவள் எட்டு மாதம் நம்பவில்லை. அவன் சட்டைப் பைகளைத் துவைப்பதற்கு முன் பார்த்தாள். தபால்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். காரில் ஓடியிருக்கும் மைல்களை ஆபீஸ் தூரத்தோடு பொருத்திப் பார்த்தாள். அவனுக்கும் நிம்மதியில்லை. பாம்பென்றால் ஒதுங்கிப் போகிற பெண்ணிடம் பகல் முழுக்க ஏழு பாம்புகளை விட்டுவிட்டு ஆபீஸ் போகிறோமே என்று தினமும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுப் பார்ப்பான். அப்படித் தொட்டபோதுதான் எட்டாவது சுட்டது.

அவள் வெந்நீர்ப் பை எதையோ வைத்து எடுக்கிறாள் என்று அவன் முடிவு கட்டி, கதவின் குறுக்கே ஒரு நூலை ஒட்டிவிட்டுப் போனான். மாலையில் நூல் அறுபடாமல் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு நூலும் இருந்தது. இரண்டாவதை ஒட்டியது, அந்தச் சூட்டைத் தானும் ஒரு நாள் தொட்டறிந்திருந்த நாகமணி. எட்டாவது தட்டுக்கு அவன் ரகசியமாக வயர் இழுத்திருக்கிறான், அதில் எதையோ வளர்க்கிறான் என்பது அவள் முடிவு.

“அந்த எட்டாவதுல என்ன வெச்சிருக்கீங்க?”

“காலி டப்பா.”

“காலி டப்பாவுக்கு என்னத்துக்குங்க சூடு?”

அவன் டப்பாவைத் திறந்து காட்டினான். முன்பே எடுத்து ஒளித்துவிட்டான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

நாகமணி கோயம்புத்தூரில் எலக்ட்ரிகல் படித்து, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். டிபென்டன்ட் விசாவில் வந்ததால், கிரீன் கார்டு வழி பிறக்கும்வரை இங்கே வேலை பார்க்க முடியாது. மறுநாள் ஏழு டப்பாக்களையும் குளியல் தொட்டியில் அடுக்கிவிட்டு ஆபீஸ் போகச் சொன்னாள். அவன் போனதும் மல்டிமீட்டரை எடுத்தாள். கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் இரண்டு கருகியிருந்தன. தெர்மோஸ்டாட்டின் சென்சார் பட்டையில் ஒட்டாமல் காற்றில் தொங்கியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி வயர் கொடுத்து, பிளையரால் கிளிப்பை அழுத்தி, பேரலலில் இணைத்தாள். ஒளித்து வைத்த வயர் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு பிளக்கை மாட்டித் தட்டுகளைச் சூடேற்றி, மறுபடியும் பிடுங்கினாள். ஒரு மணி நேரத்தில் ஏழு தட்டுகளும் ஆறின. எட்டாவது எண்பத்தெட்டில் நின்றது. அதன் பலகையைக் கழற்றிச் சமையலறை மேடையில் வைத்தால் சில்லிட்டது. திரும்ப மாட்டினால் சுட்டது.

இதைச் சொன்னபோது அவன் அவளைச் சந்தேகித்தான். அவன் சந்தேகிக்கிற விதத்தை அவள் சந்தேகித்தாள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருவரும் அலமாரிக்கு முன் இரண்டு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுந்தால் மற்றவரும் எழ வேண்டும் என்பது ஏற்பாடு. தயிர்சாதத்தைக்கூட அங்கேயே சாப்பிட்டார்கள். கல்யாணமானதிலிருந்து அவ்வளவு நேரம் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. தெர்மாமீட்டர் அசையவில்லை. மூன்றரை மணிக்கு, யாரும் கேட்காமலே, நஞ்சுண்டன் சொன்னான்:

“கிரீன் கார்டு அப்ளை பண்ணல. கம்பெனி இன்னும் ஃபைல் பண்ணவே இல்ல.”

அவள் தெர்மாமீட்டரைப் பார்த்தபடி இருந்தாள்.

“அப்ப எனக்கு வேலை?”

“லேட்டாகும். சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட.”

“வந்திருப்பனா மாட்டனான்னு நான் சொல்லோணும். நீங்களே சொல்லிக்கிட்டீங்க.”

நாற்காலிகளை எடுத்து வைத்தார்கள். இரண்டு வாரம் அவள் அவனோடு பேசவில்லை. ஒரு முறை சூட்கேஸைக் கட்டி ஹாலில் வைத்தாள். மூன்று நாள் அது அங்கே நின்றது. அவன் அதைச் சுற்றி நடந்தான். நான்காம் நாள் அவளே அதைப் பிரித்து, கம்பெனியின் விசா லாயர் நம்பரை அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜனவரியில், தொட்ட இடத்தில் பனிக்கட்டியாகும் உறைமழை பெய்து, கம்பிகள் அறுந்து, தெரு முழுக்க மூன்று நாள் கரண்ட் இல்லை. சாலை மூடியதால் முதல் நாள் நஞ்சுண்டன் ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தான். ஏழு தட்டுகளும் ஆறத் தொடங்கின. நாகமணி சமையலறைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு அறைக்குள் வந்தாள். பிறகு ஏழு தலையணை உறைகளை எடுத்து, ஒவ்வொரு பாம்பாகத் தூக்கிப் போட்டு முடிச்சிட்டு, எட்டாவது தட்டில் அடுக்கினாள். சாயங்காலம் அவன் நடந்தே வீடு வந்தபோது அவள் எட்டாவது தட்டில் இரண்டு கைகளையும் வைத்துச் சூடு பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கைகளுக்கும் இடம் விட்டாள்.

பாம்புகள் சூட்டில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு எதிர்வீட்டு ஜம்புநாதன் மறுநாள் வந்தார். அவர்கள் திருட்டுத்தனமாக ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள் என்பது அவர் எண்ணம். தட்டைத் தொட்டார், குனிந்து அடியில் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“கரண்ட் எங்கேர்ந்து எடுக்கறேள்?”

“கரண்ட் இல்லீங்க அங்கிள். சூடு மட்டும்தான்” என்றாள் நாகமணி.

அவர் வீட்டுக்குப் போய் மனைவி பர்வதத்தை அனுப்பினார். பர்வதம் அறை வாசலில் நின்று, நாகமணியின் பெயரை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு, அது போதும் என்பது போலத் தலையாட்டினாள். கையில் இட்லி மாவுப் பாத்திரம் இருந்தது. அந்தக் குளிரில் மாவு பொங்குவதே இல்லை என்றாள். எட்டாவது தட்டின் ஓரத்தில் வைத்த மாவு காலையில் பொங்கி வழிந்தது. அதன் பிறகு குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் மாவு வந்தது. பக்கத்துத் தட்டில் எந்தப் பாம்பு இருக்கிறது என்று மட்டும் பர்வதம் விசாரிப்பாள்.

1998-ல் கம்பெனி ஃபைல் பண்ணியது. அந்தக் கடிதத்தை அவன் உறையோடு கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். அவள் திறந்து படித்து, லாயருக்கு போன் பண்ணி, கேஸ் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தாள். 2001-ல் அவளுக்கு வேலை கிடைத்தபோதும், அவன் சொல்கிற எதையும் ஒரு முறை சரிபார்ப்பதை அவள் விடவில்லை. அவனும் அதற்குக் கோபப்படுவதில்லை. எட்டாவது தட்டில் தெர்மாமீட்டர் வைப்பதை மட்டும் அவர்கள் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.