நரி முகத்தில் விழித்த தரகர்

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள் காலையில், கே.ஜி.கண்டிகையைச் சேர்ந்த மனைத் தரகர் பூபாலனின் முகம் நரி முகமாக மாறியிருந்தது. அன்று திருத்தணிச் சந்தையில் கத்தரிக்காய் விலையில் மாற்றம் ஏதும் இல்லை. கழுத்துக்குக் கீழே அவர் முன்போலவே வெள்ளைச் சட்டையும் கரைவேட்டியும் அணிந்து, மோதிரமிட்ட விரல்களுடன் காணப்பட்டார். கழுத்துக்கு மேலே கூரிய மூஞ்சியும் விறைத்த காதுகளும் சாம்பலும் பழுப்பும் கலந்த மயிரும் அமைந்திருந்தன. பேச்சு மட்டும் மாறவில்லை. அன்று முற்பகலிலேயே அவர் ஒரு மனையை விற்றார். வாங்கியவர் வேறுபாடு எதனையும் உணர்ந்ததாகக் கூறவில்லை.

இந்நிகழ்ச்சியின் காரணத்தை முறைப்படி விளக்க வேண்டுமாயின் நரிகளிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பகுதியில் வாழும் ஓரின உயிர்களின் மொத்தத்தை அவ்வினத்தின் தொகை என்பர். பிறப்பு அதனைக் கூட்டும். இறப்பு அதனைக் குறைக்கும். பூபாலன் அதனை முற்றிலும் நீக்கினார். ஊருக்குத் தெற்கே இருந்த புதர்க்காட்டை அவர் பொக்லைன் வைத்துச் சமன்செய்து, கற்களை நட்டு, வண்ணக் கொடிகளைக் கட்டி, 'மயில்வாகனன் நகர்' என்று பெயரிட்டார். இருப்பிடத்தை இழந்த நரிகள் ஆந்திர எல்லையைக் கடந்து நகரிப் பக்கம் சென்றுவிட்டன. இழப்பீடு கோரி அவை எவரிடமும் மனு அளிக்கவில்லை. மயில்களின் முட்டைகளை அதுகாறும் தின்று வந்தவை அந்நரிகளே. தின்பார் இல்லாமற் போகவே முட்டைகள் யாவும் குஞ்சுகளாயின. குஞ்சுகள் யாவும் மயில்களாயின. மயில்கள் யாவும் வயலுக்கு வந்தன. நகருக்குச் சூட்டப்பட்ட பெயர் சில ஆண்டுகளிலேயே மெய்யாயிற்று. மனைத் தொழிலின் வரலாற்றில் இஃது அரிய நிகழ்ச்சியாகும்.

அந்நகரின் நடுவே, பூபாலன் பலமுறை கேட்டும் விற்கப்படாத கொல்லை ஒன்று இருந்தது. அது பூபாலனின் மனைவி பிரபாவதியின் தங்கை எல்லம்மாளுக்கு உரியது. கணவரை இழந்தபின் அவர் அதில் தனியாக வேர்க்கடலை பயிரிட்டு வந்தார். விதைத்த அன்றே மயில்கள் வந்து, விதைத்தவரினும் ஒழுங்காக வரிசை பிடித்து, ஒவ்வொரு விதையையும் தோண்டி எடுத்தன. தேசியப் பறவை என்று மயிலைச் சட்டம் காத்தது. முருகனின் ஊர்தி என்று பக்தி காத்தது. வேர்க்கடலைக்கு அத்தகைய பதவி எதுவும் இல்லை. எல்லம்மாள் தகரம் தட்டிப் பார்த்தார். மயில்கள் தாளத்துக்கு ஆடின. பழைய புடவைகளைக் கட்டிப் பார்த்தார். அவற்றின் நிழலில் இளைப்பாறின. பட்டத்துக்குப் பட்டம் விதை பாழாகவே, ஒருநாள் அக்காள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு அவர், அக்காள் கணவரான பூபாலனிடம், "இன்னும் ஒரு பட்டம் போட்டுப் பாக்கறேன் பாவா. அதையும் மயிலு துன்னுட்சின்னா கையெழுத்து போட்டுத் தந்துடறேன்" என்றார். கொல்லை கைவிட்டுப் போனால், அதே இடத்தில் எழும் வீடுகளுக்குக் கல் சுமக்கத்தான் தாம் போக வேண்டியிருக்கும் என்பதை அவர் அறிவார். பூபாலன் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். அன்று மாலையே ஒரு பை கம்பு வாங்கிவந்து மயில்களுக்கு இறைத்தார்.

அவ்வாண்டு ஆடிக் கிருத்திகைக்கு அவர் புஷ்பக் காவடி சுமந்து திருத்தணி மலையேறினார். நற்பேறு வாய்த்தவரைப் பார்த்து, நரி முகத்தில் விழித்தாயா என்று கேட்பது மக்கள் வழக்கு. நரிகளை ஒழித்தவர்கள் அவ்வழக்கை ஒழிக்க மறந்துவிட்டனர். எனவே பூபாலன், எல்லம்மாளின் கொல்லையை மனத்தில் நிறுத்தி, "முருகா, தெனமும் நான் நரி மொகத்துல முழிக்கணும்" என்று வேண்டிக்கொண்டார். அவர் கருதியது அதிர்ஷ்டம், சொன்னது நரி. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒவ்வொருவரின் உட்பொருளையும் ஆராய்ந்துகொண்டிருக்க இறைவனுக்கு இயன்றிருக்காது. வட்டாரத்திலோ நரி என ஒன்றும் மிஞ்சவில்லை. பூபாலனோ காலையில் கட்டிலுக்கு எதிரே உள்ள நிலைக்கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்தே கண் விழிப்பவர். வேண்டுதலை நிறைவேற்ற மிகச் சிக்கனமான வழி எதுவோ அதுவே மேற்கொள்ளப்பட்டது.

காப்பி கொண்டுவந்த பிரபாவதி, அம்மூஞ்சிக்கு டம்ளர் பொருந்தாது என்பதை உடனே உணர்ந்து, வாயகன்ற கிண்ணத்துக்கு மாற்றினார். வனத்துறை அலுவலர் ஒருவர் வந்து, கழுத்துக்கு மேலுள்ள பகுதி தம் துறையின்கீழ் வருமெனவும், கீழுள்ள பகுதி வராதெனவும் முடிவு கண்டு, இரண்டையும் பிரிக்க இயலாமையால் திரும்பிச் சென்றார். லுங்கிக் கட்டுகளுடன் வெளியூர் விற்பனைக்குப் புறப்படும் பொதட்டூர்பேட்டைக்காரர்களும், தேர்வெழுதப் போகும் மாணவர்களும் முதற்பேருந்தில் வந்திறங்கி, அவர் வாசலில் கண்களை மூடிக்கொண்டு நின்று, கதவு திறந்ததும் கண் திறந்தனர். பூபாலன் அவர்களை முகமலர்ச்சியுடன் வரவேற்றார். அம்முகத்தில் மலர்ச்சி என்பது பற்கள் அனைத்தும் தெரியும்படி அமைந்தது.

முகம் வந்தால் வாய் வரும். வாய் வந்தால் பசி வரும். பொழுது சாயும் வேளையில் பூபாலனின் கால்கள் தாமாகவே வேலியோரங்களை நாடின. அங்கே மயில் முட்டைகள் கிடந்தன. எதையும் போதும் என்று நிறுத்தும் பயிற்சி அவருக்கு எந்தத் துறையிலும் கிடையாதாகையால், கூடு கூடாகக் காலி செய்தார். வளர்ந்த மயில்கள் நரி வாடை பட்ட கொல்லையை விட்டு விலகின. எல்லம்மாள் தம் கடைசி விதைப்பை முடித்து மறைந்து நின்று பார்த்தார், எதுவும் வரவில்லை. சில நாள்களில் கொல்லை முழுவதும் முளை கண்டது. அதைக் கண்ட பூபாலன், தாம் இத்தனை நாளும் தின்றது முட்டைகளையல்ல, அக்கொல்லையில் தாம் பிரிக்கவிருந்த மனைகளையே என்று உணர்ந்து உண்ணாநோன்பு மேற்கொண்டார். நோன்பு மறுநாள் மாலைவரை நீடித்தது.

அடுத்த ஆண்டும் விளைந்தது. அதற்கடுத்த ஆண்டு, மயில் இல்லாத குறை பாம்பாக வெளிப்பட்டது. மயில்வாகனன் நகரில் வீடு கட்டியவர்களின் செருப்புத் தட்டிலும் ஸ்கூட்டர் இருக்கையடியிலும் பாம்புகள் குடியேறின. ஊர் கூடியது. நாகேந்திரன் என்னும் ஓய்வுபெற்றவர், தம் குளியலறையில் நேர்ந்த சந்திப்பை விரிவாக எடுத்துரைத்து, பூபாலன் மலையேறி மொட்டை போட்டு வேண்டுதலைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். எல்லாரும் ஆமோதித்தனர். எல்லாரினும் உரக்க ஆமோதித்தவர் பூபாலன். முகம் போனால் நரி போகும், மயில் வரும், கொல்லை கையில் விழும் என்னும் கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. கூட்டத்தில் பேசிப் பழகாத எல்லம்மாளுக்கும் அது தெளிவாகவே இருந்தது. அவர் எழுந்தார்.

"நரி போனா எங்கொல்ல போய்டும். நரி இருக்கட்டும். ஆனா பாவா, கூட்ல இருக்கற அத்தினியும் துன்னாத. பாதி துன்னு, பாதி வுடு."

"ஏம்மே, கடைசி வரிக்கும் இந்த மொகத்தோடயே கெடன்றியா?" என்று கேட்டார் பூபாலன்.

"முன்ன இருந்ததுக்கு இது தேவலாம் பாவா. இன்னா நெனைக்கறன்னு பாத்தாலே தெரியுது."

கூட்டம் சிரித்தது. பிரபாவதியின் கருத்தும் கேட்கப்பட்டது. "முன்னலாம் கொறட்டைங்க. இப்ப ஊளைதான். ஊளைக்கு நடுவுல கொஞ்சம் தூங்க முடியுது" என்றார் அவர். ஆயினும் பாம்புக்கு அஞ்சியோரே பெரும்பான்மையர். பூபாலன் மலைக்கு அனுப்பப்பட்டார்.

முடிக்கொட்டகையில் தலையை மழித்தபோது காதுகள் மேலும் நீண்டு தெரிந்தன. தரிசன வரிசையில் அவருக்குப் பின்னால் எல்லம்மாள் வந்து நின்றார். சன்னிதி நெருங்க நெருங்கப் பூபாலன் சொற்களைத் தேர்ந்துகொண்டிருந்தார். பழைய முகம் வேண்டும் என்றால் எவ்வளவு பழையது என்பது தெளிவாகாது; பிறந்தபோது இருந்த முகமும் பழையதே. மனித முகம் என்றால் எம்மனிதனுடையது என்னும் வினா எழும். யோசித்துச் சொல் என்று சொல்ல வந்தவரைப் போல எல்லம்மாள் அவர் காதருகே சாய்ந்தார். அக்காது இப்போது நல்ல உயரத்தில் இருந்தது.

"பாத்துக் கேளு பாவா. போன தபா நீ ஒண்ணு கேட்ட, அவரு ஒண்ணு குடுத்தாரு."

பூபாலனின் நா உலர்ந்தது. அந்நாவின் நீளம் காரணமாக அஃது அனைவருக்கும் தெரிந்தது. வரிசையை ஒழுங்குபடுத்துவோர் நகரச் சொன்னார்கள். அவர் கைகூப்பியபடியே, ஒன்றும் கேளாமல் வெளியேறினார். எல்லம்மாள் முருகனிடம் ஒன்று கேட்டார், அது என்ன என்று எவரிடமும் கூறவில்லை.

அடுத்த பருவத்தில் வேலியோரங்களைத் தேடி வெறும் வயிற்றுடன் திரும்பிய பூபாலன், பாதியை விட்டுவைக்கும் திட்டத்துக்கு உடன்பட்டார். அதனை அவர் அறமாக ஏற்கவில்லை, முதலீடாக ஏற்றார். அதன்பின் கிடைத்த சில கூடுகளில் தப்பிய முட்டைகள் மயில்களாகிப் பாம்புகளைத் தின்றன. தின்னப்பட்ட முட்டைகளால் வேர்க்கடலை தப்பியது. இதனைச் சமநிலை என்பர். நகரின் வரைபடத்தில் விதிப்படி காட்ட வேண்டிய பூங்காவுக்கு வேறு இடம் இல்லாமையால், எல்லம்மாளின் கொல்லையே பச்சை வண்ணத்தில் தீட்டப்பட்டது. விளம்பரப் பலகையில் தார்ச்சாலை, குடிநீர், தெருவிளக்கு என்பவற்றின் கீழே நரி என்னும் சொல்லும் சேர்க்கப்பட்டது.

ஐப்பசியில் அங்கே புதிதாகக் குடிவந்த மோனிஷா என்னும் பெண், ஒரு மாலை வேலிக்கு இப்பால் நின்று, வரப்பில் நரியொன்று சட்டை போட்டுக்கொண்டு போவதாகப் பதற்றத்துடன் தெரிவித்தார். களை பிடுங்கிக்கொண்டிருந்த எல்லம்மாள் நிமிரவில்லை.

"நரி இல்லமா, எங்க பாவா. நரி வேலைக்கு வந்துகிறாரு."

மோனிஷா அப்படியா என்று கேட்டுக்கொண்டு, பச்சை வேர்க்கடலை எப்போது கிடைக்கும் என்று விசாரித்தார். எல்லம்மாள் ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அவருக்குக் காட்டினார்.