வலது காதில் ஒரு மூச்சு

லோகேஸ்வரி முதலில் காற்று என்றுதான் நினைத்தாள். போர்ட் கிள்ளானில் மதியத்துக்கு மேல் கடல் பக்கமிருந்து காற்று எழும்பி, அடுக்கி வைத்த கண்டெய்னர்களின் இடுக்கில் புகுந்து ஊளையிடும். ஆனால் இது வலது காதுக்குள், ரேடியோவின் காதுக்கருவியில் கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. காற்றுக்கு இத்தனை ஒழுங்கு கிடையாது. அண்ணாந்து பார்த்தாள். கண்டெய்னரை நீண்ட கையால் தூக்கி அடுக்கும் ஸ்டேக்கர் வண்டியின் கண்ணாடிக் கூண்டில், அன்சார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

பழைய ரேடியோவாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது. அது இடுப்பில் செங்கல் போலத் தொங்கி இரைச்சலோடு கத்தும். புதிதாக வந்ததில் வயரே இல்லை. இடுப்பில் உள்ளங்கையளவு பெட்டி, காதில் ஒரு கருவி, பேசுவதற்கு விரலில் மோதிரம் போல ஒரு பொத்தான். ஓட்டுநர்கள் வண்டியிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்பதால் அவர்களுக்குப் பொத்தானும் இல்லை; சத்தம் கேட்டாலே மைக் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு ஸ்டேக்கருக்கும் கீழே நின்று அதற்கு வழிகாட்டுபவருக்கும் தனிச் சேனல். அதனால் கண்டெய்னர் எண்ணைச் சரிபார்த்து ‘இறக்கு, நிறுத்து’ சொல்லும் லோகேஸ்வரிக்கு அன்சாரின் இருமல், பெருமூச்சு, அவன் முணுமுணுக்கும் பாட்டு எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலக் கேட்டன. இப்போது குறட்டையும்.

"அன்சார்."

"ஆங், சொல்லுங்க கா. முழிச்சுகிட்டுதான் இருக்கேன்."

கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. கேண்டீனில் அவனைத் தனியாகப் பிடித்தாள். முதலில் சிரித்து மழுப்பினான். பிறகு டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"ராத்திரியானா உம்மா வீட்ட விட்டு நடக்க ஆரம்பிச்சிடுறாங்க கா. போன மாசம் ஹைவே ஓரத்துல நின்னாங்க. பூட்டு போட்டா கம்பியில தலைய மோதுறாங்க. அதான் கதவுகிட்டயே உக்காந்துக்குறேன்."

"முகுந்தன்கிட்ட சொல்லி கொஞ்ச நாளு கீழ வேலை கேளு லா."

"சூப்பர்வைசர் காதுல போட்டா அப்புறம் வண்டியில ஏத்த மாட்டாங்க. சொல்லிடாதீங்க கா."

அவள் சொல்லவில்லை. பதிலாக அவனைத் தூங்கவிடாமல் பேச ஆரம்பித்தாள். என்ன சமைத்தான், உம்மா சாப்பிட்டார்களா, ஜெஞ்சாரோம் பக்கம் மழையாமே என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினாள். காதில் அமைதி சற்று நீண்டாலும் அவன் பெயரைக் கூப்பிட்டாள். இந்தப் பழக்கம் வீடு வரை தொற்றியது. அடுத்த அறையில் மகள் மாதவி சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தால்கூட, "என்னடி பண்றே?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். தூக்கத்திலும் வலது காது விழித்திருந்தது.

முகுந்தன் ஒருநாள் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டான். "லோகாக்கா, ரேடியோ வேலைக்குத்தானே? பூரா நாளும் என்ன கதை? நீங்க பேசிக்கிட்டே இருக்கறதப் பாத்துட்டு ஆளுங்க வேற மாதிரி பேசுறாங்க."

முகம் சுட்டது. உண்மையைச் சொல்ல அதுதான் சரியான நேரம். சொல்லாமல் வெளியே வந்தாள். அன்று முதல் வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டுமே பேசினாள்.

வெள்ளிக்கிழமை கண்டெய்னர் ஏற்றிப் போக டிரைவர் தம்புசாமியின் லோரி வந்தது. கண்டெய்னரை டிரெய்லரில் இறக்கும்போது மூலைப் பூட்டு ஒன்று சிக்கிக்கொண்டது. தம்புசாமி இரும்புக் கம்பியோடு இறங்கி வந்து, தொங்கும் கண்டெய்னருக்கும் டிரெய்லருக்கும் நடுவே தலையை நுழைத்துத் தட்டினார்.

"அன்சார், அப்படியே நிறுத்து. கீழ ஆள் இருக்கு."

"ஓகே கா."

பிறகு அமைதி. பிறகு அந்த மூச்சு, இழுத்து, நின்று. கண்டெய்னர் மெல்ல இறங்குவதைப் பார்த்தாள். அதைக் கண் பார்த்தும் மனம் ஒப்புக்கொள்ளவில்லை. மோதிரப் பொத்தானை அழுத்தி அவன் பெயரைக் கூவினாள். மூச்சு மாறவில்லை. தம்புசாமியை நோக்கிக் கத்தினாள். என்ஜின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. கை தானாக இடுப்புக்குப் போயிற்று. ரேடியோவின் தலையில் இருந்த ஆரஞ்சு நிற அவசரப் பொத்தானை அழுத்தினாள். யார்டில் இருந்த அத்தனை காதுகளிலும் ஒரே நேரத்தில் சைரன் அலறியது.

அன்சார் திடுக்கிட்டு விழித்து லீவரை இழுக்க, கண்டெய்னர் தம்புசாமியின் தலைக்கு ஒரு சாண் மேலே குலுங்கி நின்றது. அவர் வெளியே வந்து கேட்டில் கொடுத்திருந்த காதுக்கருவியை எரிச்சலோடு பிடுங்கினார். "யாரு இது, இப்படி அலற விடுறது?" அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"லோகாக்கா, என்ன ஆச்சு?" எல்லோருக்கும் கேட்கும் சேனலில் முகுந்தன் கேட்டான்.

கை பட்டுவிட்டது என்று சொன்னால் போதும். கூண்டுக்குள் அன்சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையை மட்டும் லேசாக, வேண்டாம் என்பது போல் அசைத்தான்.

"அன்சார் தூங்கிட்டாரு. கீழ ஆள் இருந்துச்சு," என்றாள். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. "இது மொத தடவ இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சேர்த்தாள்.

அன்சாரை வண்டியிலிருந்து இறக்கி, விசாரணை முடியும்வரை வீட்டிலிருக்கச் சொன்னார்கள். அவளையும் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். தம்புசாமி மறுநாள் அவளைத் தேடி வந்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, பண்டமாரானில் அன்சார் வீட்டுக் கதவுக்கு முன் அவள் நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க?" அவன் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"நீ போயி படு. உம்மாவ நான் பாத்துக்குறேன்."

"அவங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது. இப்ப பகல்லயும் கெளம்பிடுறாங்க." ஆனாலும் கம்பிக் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டான். மறுபடி பூட்டி, சாவியை அவள் கையில் கூடக் கொடுக்காமல் மேசைமேல் போட்டுவிட்டு அறைக்குள் போனான்.

அவன் உம்மா காத்தூன் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தயாராக நின்றிருந்தார். "கதவத் தொற புள்ள, நேரமாச்சு."

"எங்க போகணும்மா?"

"வந்தா தெரியும்."

கம்பியில் அவர் நெற்றியைச் சாய்ப்பதற்குள் லோகேஸ்வரி சாவியை எடுத்தாள். இருவரும் வெளியே நடந்தார்கள். ஒடிசலான அந்த உடம்பில் அவ்வளவு வேகம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. கடைவரிசையைத் தாண்டி, சுரா என்னும் சின்னத் தொழுகை இடத்தைத் தாண்டி, துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலைக்கு வந்தார்கள். அங்கும் பீவி நிற்கவில்லை. அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு லோகேஸ்வரியும் சாலையில் இறங்கினாள். யார்டில் வண்டியை நிறுத்துவது போல மறு கையை உயர்த்தி, வரும் லோரிகளை நோக்கி உள்ளங்கையை விரித்தாள். முதல் லோரி மூச்சு வாங்கி நின்றது. நடுச்சாலையில் பீவி நின்று, எந்தப் பக்கம் போவது என்று மறந்தவர் போல வலதுபக்கம் பார்த்தார், இடதுபக்கம் பார்த்தார். லோகேஸ்வரியும் அவரோடு சேர்ந்து பார்த்தாள்.